கிரேக்க, ரோமானியப் பழங்காசுகள்: சேகரிப்பின் வரலாறு

கிரேக்க, ரோமானியப் பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்பதும், ஒவ்வொன்றும் எந்த ஊரில், யாருடைய ஆட்சியில் அடிக்கப்பட்டது என்று கண்டறிவதும் ஐரோப்பாவில் 600 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் பொழுதுபோக்கு. நாணயவியல் என்ற துறையே இந்தப் பொழுதுபோக்கிலிருந்து கிளைத்ததுதான். பல்கலைக்கழகங்கள் அதைக் கவனிக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே கவிஞர்களும் மருத்துவர்களும் பாதிரிமார்களும் காசுகளை மேசைமேல் பரப்பி, எழுத்துக்கூட்டிப் படித்து, வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். அவர்களை முதலில் இழுத்தது காசிலிருந்த முகம். அடுத்த தலைமுறைகள் எழுத்தையும் எடையையும் அச்சையும் பார்க்கப் பழகின. காசு எந்த மண்ணிலிருந்து, எதனோடு சேர்ந்து வந்தது என்ற கேள்வி கடைசியாகத்தான் வந்தது. தாமதமாக வந்த அந்தக் கேள்வியே இன்று மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிட்டது.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான லிடியாவிலும் அதை ஒட்டிய கிரேக்க நகரங்களிலும் வெள்ளி கலந்த பொன்னில் முதல் காசுகள் அடிக்கப்பட்டன. சேகரிப்பும் பழையதே. அகஸ்டஸ் சீசர் விழாநாட்களில் நண்பர்களுக்குப் பழைய மன்னர்களின் காசுகளையும் அயல்நாட்டுக் காசுகளையும் பரிசளித்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் செய்தி இன்னும் சுவையானது: கள்ளக் காசின் மாதிரி ஒன்றைப் பார்த்துப் பழகுவதற்காக, அதற்கு ஈடாக நல்ல வெள்ளிக் காசுகள் பலவற்றைக் கொடுத்து வாங்குவோர் அவர் காலத்திலேயே இருந்தார்கள். பேரரசர் டிராஜன் தமக்கு முந்தைய குடியரசுக் காலக் காசுகளின் உருவங்களை மறுபடி அடித்து வெளியிட்டார். பழைய காசுகளை யாரோ சேர்த்து வைத்திருந்தால்தான் அது முடிந்திருக்கும்.

இன்றைய பொருளில் முதல் சேகரிப்பாளர் என்று பெரும்பாலோர் சொல்வது இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கைத்தான் (1304–1374). ரோமில் திராட்சைத் தோட்டம் கொத்துகிறவர்கள் மண்ணில் கிடைத்த காசுகளை அவரிடம் கொண்டுவந்து, இவற்றை வாங்கிக்கொள்கிறீர்களா, இதில் இருப்பது யார் என்று கேட்பார்களாம். 1354இல் மாந்துவா நகரில் பேரரசர் நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது ரோமப் பேரரசர்களின் உருவம் பொறித்த பொன், வெள்ளிக் காசுகள் சிலவற்றைப் பெத்ரார்க் அவருக்குக் கொடுத்து, இவர்களைப் போல ஆளுங்கள் என்று சொன்னார். காசு அவருக்கு ஒரு முன்மாதிரி மனிதரின் முகம்.

அடுத்த இரு நூற்றாண்டுகளும் அந்த முகங்களையே சுற்றி வந்தன. 1517இல் ஆந்திரேயா ஃபுல்வியோ ரோமில் வெளியிட்ட நூல் காசுகளிலிருந்து எடுத்த உருவப்படங்களின் தொகுப்பு. பாரிசில் கியோம் புடே பழங்காலப் பண மதிப்புகளையும் எடைகளையும் ஆராய்ந்து தனி நூல் எழுதினார். நெதர்லாந்தின் ஹூபர்ட் கோல்ட்சியஸ் ஊர் ஊராகச் சுற்றிச் சேகரிப்பாளர்களின் காசுகளைப் பார்த்தார். 1563இல் அவர் அச்சிட்ட பட்டியலில் 900க்கும் மேற்பட்ட சேகரிப்பாளர்களின் பெயர்கள் இருந்தன.

விருப்பம் பெருகிய இடத்தில் போலியும் பெருகியது. பாதுவா நகரின் ஜொவான்னி தா கவினோ (1500–1570) ரோமானியச் செம்புக் காசுகளைப் பார்த்து மிக அழகான நகல்களை அடித்தார். அவர் ஏமாற்றவே அடித்தாரா, கலைக்காகச் செய்தாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) விஷயத்தில் அப்படி ஒரு சந்தேகமே எழுவதில்லை. 300க்கும் மேற்பட்ட அச்சுகளைத் தம் கையாலேயே வெட்டியவர் அவர். புதுக் காசின் கூர்மை மழுங்க வேண்டுமே! இரும்புத் தூள் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டுத் தம் குதிரைவண்டியின் அடியில் கட்டிக்கொண்டு ஊர்ப் பயணம் போவார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய காசுகளுக்கென்றே இப்போது தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு.

இந்தக் குவியலுக்கு ஒழுங்கு கொடுத்தவர் வியன்னாவின் ஜோசப் ஹிலாரியஸ் எக்கெல் (1737–1798). இயேசு சபைத் துறவியாக இருந்த இவரிடம் 1774இல் அரண்மனையின் பழங்காசுத் தொகுப்பு ஒப்படைக்கப்பட்டது. அதுவரை கிரேக்கக் காசுகளை அகர வரிசையிலோ, உலோகத்தின்படியோ, அளவின்படியோ பலரும் அடுக்கிவந்தார்கள். எக்கெல் நில வரைபடத்தைக் கையில் எடுத்தார். ஸ்பெயினில் தொடங்கி, கால் (இன்றைய பிரான்ஸ்), இத்தாலி, சிசிலி, திரேஸ், மாசிடோனியா, கிரேக்கம், சின்ன ஆசியா, சிரியா, எகிப்து என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்து வட ஆப்பிரிக்காவில் முடித்தார். 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த அவருடைய நூல் இட்ட வரிசையைத்தான் அருங்காட்சியகங்களும் ஏலப் பட்டியல்களும் இன்றுவரை பின்பற்றுகின்றன. ஒரு தனிமனிதரின் உழைப்பு இவ்வளவு காலம் மாறாமல் நிற்பது எந்தத் துறையிலும் அரிது.

19ஆம் நூற்றாண்டு பட்டியல்களின் காலம். பாரிசில் தியோடர் மியோனே 1806 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விவரணைத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு காசும் எவ்வளவு அரியது என்று குறியிட்டார். காசுகளைக் கந்தகத்தில் படியெடுத்தும் விற்றார். 1831 நவம்பரில் அவர் பணிபுரிந்த பாரிஸ் காசுத் தொகுப்புக்குள் திருடர்கள் புகுந்து பொற்காசுகளை அள்ளிச் சென்று, அவற்றில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். உருகிப்போனவற்றில் சிலவற்றுக்கு எஞ்சிய சாட்சி அந்தக் கந்தகப் படிகள்தான். லண்டனில் 1836இலும் நியூயார்க்கில் 1858இலும் நாணயவியல் சங்கங்கள் தோன்றின. பார்க்ளே ஹெட் கிரேக்கக் காசுகள் முழுவதையும் 1887இல் ஒரே நூலுக்குள் அடக்கினார். ரோமப் பேரரசின் காசுகளுக்கான பெரும் பட்டியலின் முதல் தொகுதி 1923இலும் பத்தாம் தொகுதி 1994இலும் வந்தன. குடியரசுக் காலக் காசுகளுக்கு மைக்கேல் கிராஃபோர்டின் 1974ஆம் ஆண்டு நூலே அளவுகோல். சாதாரணச் சேகரிப்பாளரின் மேசையில் இருப்பதோ பெரும்பாலும் டேவிட் சியரின் கையேடு.

அடையாளம் காண்பது எப்படி? ரோமானியக் காசில் முதலில் தலைப்பக்கத்து எழுத்தைப் படிக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. பாதிச் சொற்கள் சுருக்கமாகவே இருக்கும். தென்னிந்தியப் புதையல்களில் ஏராளமாகக் கிடைக்கும் டைபீரியஸின் வெள்ளி டெனாரியஸை எடுத்துக்கொண்டால், தலையைச் சுற்றி ‘தெய்வமான அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்’ என்று சுருக்கி எழுதியிருக்கும். பின்பக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். சுற்றிலும் ‘தலைமைப் பூசாரி’ என்ற பட்டம். வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு வாங்கிப் பார்த்த காசு இதுதான் என்று சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாக நம்புவதால், தேய்ந்து போனதற்குக்கூட நல்ல விலை உண்டு.

பேரரசர்களின் பட்டங்கள் நாட்காட்டியாகவும் பயன்படும். மக்கள் மன்ற அதிகாரம் என்ற பட்டம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, எத்தனையாவது முறை என்ற எண்ணோடு பொறிக்கப்பட்டது. அந்த எண் தெரிந்தால் காசு அடித்த ஆண்டு தெரியும். கதிர்கள் நீட்டிய கிரீடம் தலையில் இருந்தால் அது பெரும்பாலும் இரட்டை மதிப்புள்ள காசு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பின்பக்கத்தின் அடியில் காசாலையின் ஊரைச் சுட்டும் எழுத்துகள் வருகின்றன. எடையும் பேசும். நீரோ கி.பி. 64 வாக்கில் டெனாரியஸின் எடையைக் குறைத்தார். அடுத்த 200 ஆண்டுகளில் வெள்ளி படிப்படியாகத் தேய்ந்து, பேரரசர் காலியனஸ் காலத்துக் காசுகள் வெள்ளிப் பூச்சிட்ட செம்பாகவே ஆகிவிட்டன.

கிரேக்கக் காசு வேறு வகை. அதை அடித்தது பெரும்பாலும் ஒரு நகரம். ஆகவே நகரத்தின் சின்னத்தைத் தெரிந்திருக்க வேண்டும். ஏதென்சுக்கு ஆந்தை, ஏஜினாவுக்கு ஆமை, ரோட்சுக்கு ரோஜா. ஏஜினாவின் கடலாமை ஒரு கட்டத்தில் தரை ஆமையாக மாறுகிறது. ஓட்டின் கட்டங்களைப் பார்த்தே முன்னது பின்னதைப் பிரித்துவிடலாம். ஏதென்சின் நான்கு திராக்மா காசு 17.2 கிராம் அளவில் நிற்கும். அந்த எடையிலிருந்து வெகுவாக விலகினால் உள்ளே செம்பு இருக்கலாம்; அந்தக் காலத்து வணிகர்களே சந்தேகப்பட்ட காசை உளியால் வெட்டிப் பார்த்த தழும்புகளை இன்றும் காணலாம்.

எல்லாவற்றிலும் நுட்பமானது அச்சுப் பார்வை. பழங்கால அச்சுகள் ஒவ்வொன்றும் கையால் வெட்டப்பட்டவை. முடி இழையும் எழுத்தின் சாய்வும் முழுதாக ஒத்துப்போனால் இரு காசுகளும் ஒரே அச்சில் பிறந்தவை. சுவிட்சர்லாந்தின் ஃபிரீட்ரிக் இம்ஹோஃப்-புளூமர் 19ஆம் நூற்றாண்டில் இந்த முறைக்கு வலுவூட்டினார். போலியைக் காட்டிக்கொடுப்பதும் இதுவே. அச்சு ஒத்திருப்பது இயல்பு. ஆனால் கீறல்களும் விளிம்பின் நெளிவும்கூட ஒத்திருந்தால், ஒரு காசைப் பார்த்து மற்றொன்றை வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். வார்ப்புக் காசின் மேல் நுண்ணிய காற்றுக் குழிகளும் விளிம்பில் ஒட்டுக் கோடும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். செம்புக் காசின் களிம்பைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது புதியவர்கள் செய்யும் பெரும் கேடு. எழுத்தின் மேல்தோல் அதோடு போய்விடும்.

இத்தனை திறமைக்கும் எட்டாத ஒன்று உண்டு என்பதை டொமிட்டியனஸ் காட்டினார். 1900இல் பிரான்சின் நாந்த் நகருக்கு அருகே கிடைத்த புதையலில் இந்தப் பெயருள்ள பேரரசரின் காசு ஒன்று இருந்தது. அப்படி ஒருவர் காசு அடிக்கும் அளவுக்கு ஆண்டதாக எந்த வரலாறும் சொல்லாததால் அதைப் போலி என்று பலர் ஒதுக்கினார்கள். 2003இல் இங்கிலாந்தின் சால்குரோவில் ஏறத்தாழ 5,000 காசுகள் ஒட்டிக் கிடந்த பானை வெளிவந்தது. அருங்காட்சியகத்தில் அவற்றைப் பிரித்தபோது அதே பெயருள்ள இரண்டாவது காசு தலைகாட்டியது, அதே அச்சு. கி.பி. 271 வாக்கில் சில நாட்களோ வாரங்களோ ஆண்ட ஒருவர் வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தார். அந்தக் காசு தனியாக ஒரு கடையில் விற்பனைக்கு வந்திருந்தால் நம்புவோர் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

2010இல் சாமர்செட் மாவட்டத்தின் ஃபுரோம் அருகே உலோகம் கண்டறியும் கருவியோடு சென்ற ஒருவர், பானை தட்டுப்பட்டதும் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாளர்களை அழைத்தார். 52,503 காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததால், கடைசியாக அடிக்கப்பட்ட, பிரிட்டனை ஆண்ட கரௌசியஸின் காசுகள் மேலே இல்லாமல் பானையின் நடுவுக்குக் கீழே கிடந்தது தெரிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பாக இருந்தால் அப்படி இருக்காது. மொத்தத்தையும் ஒரே சமயத்தில் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள். அந்த மனிதரின் பொறுமை இல்லாவிட்டால் இந்தச் செய்தி மண்ணோடு போயிருக்கும்.

மாறான உதாரணம் புரூட்டஸின் பொற்காசு. சீசரைக் கொன்றவரின் முகம் ஒரு பக்கம். இரு குத்துவாள்களும் விடுதலைக் குல்லாயும் கொலை நடந்த மார்ச் மாத நாளும் மறுபக்கம். வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவே இந்தக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். 2020இல் லண்டன் ஏலத்தில் ஒன்று 27 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அதன் கைமாறிய வரலாறு பொய்யாகப் புனையப்பட்டது என்று பின்னர் தெரியவந்து, 2023இல் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அது எந்த மண்ணிலிருந்து, என்னென்ன காசுகளோடு எடுக்கப்பட்டது என்ற செய்தி அதோடு திரும்பி வரவில்லை. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தமும், பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் இந்த இழப்பைக் குறைக்க வந்தவை. பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு இடம்பெற்ற காசுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதும் இதனால்தான்.

ரோமானியக் காசுகளின் வரலாற்றில் தமிழகத்துக்கு நேரடி இடம் உண்டு. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி புலம்பிய பணத்தின் ஒரு பகுதி இங்கேதான் வந்து இறங்கியது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் 522 வெள்ளிக் காசுகள் இருந்தன. 1891இலும் 1931இலும் அதே ஊர் மறுபடி கொடுத்தது. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 பொற்காசுகள் ஒன்றாக வெளிவந்தன. மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. தேய்ந்த காசுகளைச் செலாவணியிலிருந்து விலக்குவதற்கான அடையாளம் அது என்பது ஒரு விளக்கம். புதையல் மொத்தமாகப் பார்வைக்கு வந்ததால்தான் அந்த வெட்டு ஒரு வழக்கம் என்று புரிந்தது. ஒற்றைக் காசில் அது வெறும் சேதமாகத் தோன்றியிருக்கும்.

எட்கர் தர்ஸ்டன் 1894இல் சென்னை அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுகளுக்குப் பட்டியல் வெளியிட்டார். ராபர்ட் சூவல் 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளை ஊர்வாரியாகத் தொகுத்தார். எங்கே, எப்போது, எத்தனை என்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் இல்லையென்றால், கலைந்துபோன பல புதையல்கள் தடமின்றி மறைந்திருக்கும். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தொல்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பொற்காசுகளை எல்லோரும் பார்த்தார்கள். சின்னஞ்சிறு செம்புக் காசுகளைப் பார்த்தவர்கள் குறைவு. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, தேய்ந்த, எழுத்து பாதி அழிந்த இந்தக் காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் இலங்கையின் தென்கரையிலும் கிடைக்கின்றன. இலங்கையில் இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த நகல்களும் கலந்திருப்பதால் பிரித்தறிவது கடினம். எச். டபிள்யூ. கோட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கைக் காசு நூலில் இவற்றுக்கு இடம் கொடுத்தார். தமிழகத்தில் இந்த வேலையைச் செய்தவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர், மதுரை ஆகிய ஊர்களில் கிடைத்த பிற்கால ரோமானியச் செம்புக் காசுகளைப் பற்றி 1994இல் நூல் வெளியிட்டார். கரூரில் கிடைத்த ரோமானியரல்லாதவர்களின் அயல்நாட்டுக் காசுகளுக்குத் தனியே மற்றொரு நூல் எழுதினார்; செலூசிட் மன்னர்களின் காசுகளும் ஃபினீசிய நகரங்களின் காசுகளும் அதில் உண்டு.