திரும்பி வரத் தெரிந்த கணக்கு

இலங்கையின் கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரம் படிக்கப் போகும் பிள்ளைக்கு, தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில்தான் பைதன் அறிமுகமாகிறது. சில வாரங்களில் ‘சார்பு’ வந்துவிடும். ‘டெஃப்’ என்று தொடங்கி ஒரு பெயர், அடைப்புக்குறி, முக்காற்புள்ளி. அடுத்த வரி சற்று உள்ளே தள்ளி. பாடப்புத்தகத்தில் அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சுவடே இல்லை. ஆனால் அதன் பிறப்பில் தேயிலைக் காசு சேர்ந்திருக்கிறது.

1947இல் இங்கிலாந்தின் லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு 3000 பவுண் கொடுத்தது. லயன்ஸ், தேநீர்க் கடைகளாலும் தேயிலைப் பொட்டலங்களாலும் பேரெடுத்த கம்பனி. இலங்கைத் தேயிலையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது.

எட்சாக் 1949 மே 6ஆம் திகதி தன் முதல் நிரலை ஓட்டியது. ஓடத் தொடங்கிய கையோடு தலைவலியும் தொடங்கியது. ஒவ்வொருவரும் வர்க்கமூலம் காணவும் விடையை அச்சிடவும் அதே கட்டளைகளைப் புதிதாக எழுதினார்கள். ஒவ்வொருவரும் புதிதாகப் பிழைவிட்டார்கள். எழுதிச் சரிபார்த்த துண்டு ஒன்றை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தினால் என்ன? அந்த வேலை டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் கைக்குப் போனது.

சிக்கல் துண்டுக்குள் போவதில் இல்லை. வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்பதில்தான் இருந்தது. ஒரே துண்டை நிரலின் பத்தாவது கட்டளையும் அழைக்கலாம், எண்பதாவதும் அழைக்கலாம். வந்த வழியை நினைவில் வைக்க எட்சாக்கில் தனி இடமில்லை. வீலர் கண்ட வழி இது: அழைக்கும் கட்டளை தன் இருப்பிட எண்ணையும் கையோடு கொண்டுபோகும், துண்டு முதல் வேலையாக அந்த எண்ணிலிருந்து ‘இங்கே திரும்பு’ என்றொரு கட்டளையைத் தானே செய்து, தன் கடைசி வரியில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் கணக்கு. அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது தன்னைத்தானே திருத்தி எழுதியது. கணினி வரலாற்றில் இதைவிட அழகான யோசனைகள் சிலவே. இன்று நாம் ‘ரிட்டன்’ என்று ஒரே சொல்லில் எழுதுவதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

சரிபார்த்த துண்டுகள் துளையிட்ட நாடாக்களாக அலுமாரியில் சேர்ந்தன. 1951இல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் லயன்ஸ், எட்சாக்கைத் தழுவிக் கட்டிய லியோ கணினியை வேலைக்கு விட்டது. முதலில் பேக்கரிக் கணக்கு. பின்னர் தேயிலைக் கலவைக் கணக்கும் ஊழியர் சம்பளமும். அனுபவமுள்ள எழுதுவினைஞருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒருவரின் சம்பளக் கணக்கை, லியோ ஒன்றரைச் செக்கனில் முடித்தது.

பிறகு, அந்தத் துண்டு சார்பாக மாறிய பயணம் வேகமெடுத்தது. 1958இல் ஃபோர்ட்ரான் இரண்டாம் பதிப்பு, பின்னர் அல்கோல், லிஸ்ப். ஆம்ஸ்டர்டாமில் ஏபிசி என்ற மொழியில் வேலைசெய்திருந்த கைடோ வான் ரொசம் 1989 டிசம்பரில் பைதனைத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். 2008இல் வந்த பைதன் 3, சார்புக்குத் தமிழிலேயே பெயர்வைக்க இடம் தந்தது. ‘சம்பளம்’ என்று தமிழ் எழுத்தில் பெயரிட்டாலும் அது ஓடும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி, ‘டெஃப்’ இருந்த இடத்தில் ‘நிரல்பாகம்’ என்ற தமிழ்ச் சொல்லையே வைத்தது.

கலவானையில் சார்பைப் படிப்பிக்க, இரண்டு எண்ணைக் கூட்டும் உதாரணம் போதாது என்பேன். தோட்டத்து வேலைநாட் பதிவேடான செக்ரோலில் இருந்து தொடங்க வேண்டும். ‘சம்பளம்’ என்ற சார்புக்கு இரண்டு பரமானங்கள்: பேர் (வேலைசெய்த நாட்கணக்கு), நாட்கூலி. பிள்ளையின் அம்மாவுக்கு மாதத்தில் 20 பேரும் ஓர் அரைப்பேரும் விழுந்திருந்தால் 20.5. நாட்கூலியைச் சார்புக்குள் எண்ணாகப் புதைத்துவிடக் கூடாது. 2021 மார்ச்சில் படியோடு சேர்த்து 1000 ரூபாயாக இருந்தது, 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. வெளியிலிருந்து கொடுத்தால், கூலி மாறும்போது சார்பைத் தொடவே வேண்டாம். 20.5ஐயும் 1350ஐயும் கொடுத்தால் 27,675 திரும்பி வரும். அதை ‘ஈபிஎஃப்’ (ஊழியர் சேமலாப நிதி) என்ற இன்னொரு சார்பிடம் கொடுத்தால், தொழிலாளியின் பங்கான நூற்றுக்கு எட்டு, 2,214. மீதி 25,461.

புதிதாகப் படிக்கிறவர்கள் பலரும் இடறும் இடம் இதுதான்: சார்புக்குள் ‘ரிட்டன்’ எழுதாமல் ‘பிரின்ட்’ எழுதிவிடுகிறார்கள். திரையில் 27,675 தெரிகிறது. ஆனால் அடுத்த சார்புக்குப் போய்ச் சேர்வது ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை. கணக்கு அங்கேயே முறிகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோவைச் சத்தமாகச் சொல்வது ‘பிரின்ட்’. துண்டில் எழுதிக் கையில் கொடுப்பது ‘ரிட்டன்’. அடுத்த கணக்குக்குத் துண்டுதான் வேண்டும்.

சம்பளத் துண்டில் இன்னும் பிடிப்புகள் இருக்கும்: தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சார்பு எழுதி, எல்லாவற்றையும் அழைக்கும் பெரிய சார்பொன்றைக் கடைசியில் எழுதலாம். வரும் விடை தோட்டத்துத் துண்டோடு ஒத்துப்போகாவிட்டால், சார்புகளை ஒவ்வொன்றாகத் தனியே அழைத்துப் பார்த்தால் போதும். எந்த வரியைப் பற்றிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.