டவுன் ஹாலிலிருந்து ரிப்பன் மாளிகை வரை



சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் இரண்டு கட்டடங்கள் பக்கம்பக்கமாகத் தெரியும். ஒன்று சிவப்புச் செங்கல்லால் கட்டிய விக்டோரியா மண்டபம். அந்தக் காலத்தில் அதை டவுன் ஹால் என்றார்கள். இன்னொன்று மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, வெள்ளை நிறத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகச் சில நிமிடங்கள் போதும். நம் மக்களுக்கு அந்தத் தூரத்தைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

1892-ல் டவுன் ஹாலில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் நடந்தது. நீலகிரியின் சார்பில் அயோத்திதாசப் பண்டிதர் அதில் கலந்துகொண்டார். சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, எங்களை ஏன் உள்ளே விடுவதில்லை என்று அவர் கேட்டார். சபையில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கென்று கிராமத்துச் சாமிகள் இருக்கின்றனவே, அவை போதாவா என்ற பொருளில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பண்டிதர் அடுத்த கோரிக்கைக்குப் போனார்: எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டும், உழுது பிழைக்கத் தரிசு நிலம் வேண்டும். இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பெயரே மகாஜன சபை, கூடிய இடமோ ஊருக்கெல்லாம் பொதுவான மண்டபம். அந்தச் சபையில், அந்த மண்டபத்தில், ‘பொது’ என்ற சொல்லுக்குள் நாங்கள் இருக்கிறோமா என்று ஒருவர் எழுந்து கேட்டுவிட்டார். சென்னையில் நம் முன்னோர் அதற்குப் பின் நடத்திய அரசியலையெல்லாம் இந்த ஒரு கேள்வியின் தொடர்ச்சியாகவே நான் படிக்கிறேன்.

இராயப்பேட்டைக்கு வருவோம். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். வசைச் சொல்லாக எறியப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலேயே நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சாதி இந்துக்களே அதிகாரிகளாகி, எங்கள் மேல் அதிகாரம் செலுத்துவதில்தான் இது முடியும் என்று கூட்டம் போட்டு எதிர்த்தார். 3412 பேர் கையெழுத்திட்ட மனு இலண்டனுக்குப் போனது. எழுதப் படிக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட ஒரு சமூகம் இத்தனை கையெழுத்துகளைத் திரட்டியதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

1907 ஜூன் 19-ஆம் நாள் அதே இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. வரலாறு, மருத்துவம், பௌத்தம், அரசியல் விமர்சனம் எல்லாம் அந்தச் சிறிய வார இதழில் இருந்தன. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களும், கடல் கடந்து பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வேலைக்குப் போனவர்களும் அதைப் படித்தார்கள். 1914 மே 5-ல் அவர் மறையும்வரை இதழ் நிற்கவில்லை. இவருக்கும் முன்பே, 1869-லேயே, ‘சூரியோதயம்’ என்ற தலித் இதழ் இந்த நகரத்தில் வெளிவந்திருக்கிறது. தலித் எழுத்து தொண்ணூறுகளில் பிறந்தது என்று யாராவது மேடையில் சொன்னால், இந்த ஆண்டுகளை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவது சங்கடமான பகுதி. இதைத் தவிர்த்துவிட்டு ஒரு நினைவுரை ஆற்ற எனக்கு மனமில்லை.

முதுகலைச் சமூகவியல் படித்தபோது தொழிற்சங்க வரலாறு எங்களுக்கு ஒரு பாடம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை தாங்கினார்கள், 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஒரே ஒரு வரி: ஆதிதிராவிடர்கள் வேலைக்குத் திரும்பியதால் போராட்டம் உடைந்தது. வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பதில் தெரியாது. தலையைக் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டேன்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தவற்றைப் பிறகுதான் தேடிப் படித்தேன். சில மாதங்களுக்கு முன்புதான் ஆலைகளில் ஒரு நீண்ட கதவடைப்பு முடிந்திருந்தது. கையிருப்பு இல்லாத குடும்பங்கள் அந்த அடியிலிருந்து எழவே இல்லை. சங்கத்தின் தலைமை நம்மவர் கையில் இல்லை. எம்.சி. ராஜா வேலைக்குத் திரும்புவதை ஆதரித்தார். நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் புளியந்தோப்பு எரிந்தது. சேரிக் குடிசைகளில் தீ வைக்கப்பட்டது. இரு தரப்பிலும் மக்கள் அடிபட்டார்கள். ஆகஸ்ட் 29-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நீதிக்கட்சித் தலைவர்களோ, அரசு ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. 1923-ல் ராஜா நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார்.

ராஜா எடுத்த முடிவு சரியா என்று நாம் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆலைக்குள் ஒரே நூலைத் தொட்டவர்கள், ஆலைக்கு வெளியே ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்களா? தெருவில் இல்லாத தோழமை வேலைநிறுத்தத்தின்போது மட்டும் எங்கிருந்து வரும்? வர்க்கம் பேசும் தோழர்களிடம் இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நூறாண்டு ஆகியும் முடியாத ஒரு கணக்காகச் சொல்கிறேன்.

கிணற்றையும் தெருவையும் பற்றிய பதில் மூன்றாண்டு கழித்துக் கோட்டையிலிருந்து வந்தது. 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எந்தச் சாதியாரும் தடையின்றிப் புழங்கலாம் என்பது அதன் சாரம். 1925 பிப்ரவரியில் அது அரசிதழில் வெளியானது. டவுன் ஹாலில் கேள்வியாக எழுந்த ‘பொது’ என்ற சொல் இப்போது அரசாணையில் ஏறிவிட்டது. ஆணை எத்தனை ஊர்களில் நடைமுறைக்கு வந்தது என்பதை நீங்கள் உங்கள் ஊர்த் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெண்களின் குரலும் இதில் உண்டு. 1904-ல் ரங்கூனில் பிறந்த மீனாம்பாள், 1928-ல் சைமன் குழுவை ஆதரித்துச் சென்னையில் மேடையேறினார். நாடே புறக்கணித்த குழு அது. எங்கள் குறையைக் கேட்க வருகிறவரிடம் நாங்கள் பேசுவோம் என்பதற்குத் துணிச்சல் வேண்டும். 1938 நவம்பரில் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் வழங்கிய பெண்கள் மாநாட்டிலும் அவர் இருந்தார்.

1945-ல் அவருடைய கணவர், சட்டக்கல்லூரிப் பேராசிரியர் என். சிவராஜ், சென்னை மேயரானார். அந்தப் பதவிக்கு வந்த தலித்துகளில் அவரும் ஒருவர். பின்னாளில் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரும் அவரே. பண்டிதர் எழுந்து கேள்வி கேட்ட டவுன் ஹாலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், நகரத்தின் முதல் நாற்காலியில் நம்மில் ஒருவர் அமர்ந்தார்.

கதையை இங்கே முடித்தால் எல்லோரும் கைதட்டிக் கலையலாம். ஆனால் அந்த நாற்காலிக்குப் பின்னான காலம் நமக்குத் தெரியும். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தவர்கள், இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதி நம் மக்கள். வேலை நகரத்தில், வீடு நகரத்துக்கு வெளியே. பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் அம்மா விடியுமுன்னே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். ஆற்றங்கரை பொது நிலம், அதனால் காலி செய்யுங்கள் என்கிறார்கள். 1892-ல் நம்மை உள்ளே விடாத அதே ‘பொது’ இன்று நம்மை வெளியே அனுப்புகிறது.

2023 டிசம்பரில் கிண்டியில் அயோத்திதாசருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். மகிழ்ச்சி. மாலை போடுவோம். ஆனால் அவரை வாசிக்க வேண்டியவர்கள் பெரும்பாக்கத்து அடுக்ககத்தின் எட்டாவது மாடியில் இருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு புளியந்தோப்புக்குப் போங்கள், இன்னொரு ஞாயிறு கண்ணகி நகருக்கு. அங்கே இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் முதலில் எங்கே குடியிருந்தீர்கள்? அவர்கள் சொல்லும் தெருப்பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம்.

ஜெய்பீம்.