மடல் செல்லும் வாசல்: மின்னஞ்சல் சுட்டியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் துறையில் முதுகலை பயின்ற மாணவி ஒருவர், பழைய நூல்களை ஒளிவருடி வைத்திருந்த ஓர் இணையதளத்தில் பிழையொன்றைக் கண்டார். நூலின் முகப்பில் ஒரு பதிப்பாண்டு. தளத்தின் பட்டியலிலோ அதற்குப் பத்தாண்டு முந்தைய ஆண்டு. பதிப்பு வரலாற்றில் பத்தாண்டு என்பது சிறு வேறுபாடன்று. எது முதற்பதிப்பு என்னும் முடிவே அதனால் மாறிவிடக்கூடும். தெரிவித்துவிடலாமென்று பக்கத்தின் அடிப்பகுதிக்குச் சென்றார். ‘தொடர்புக்கு இங்கே சொடுக்கவும்’ என்றிருந்தது. சொடுக்கினார். துறைக் கணினியில் யாரும் ஒருநாளும் பயன்படுத்தியிராத அஞ்சல் மென்பொருளொன்று திறந்து, கணக்கு விவரங்களைக் கேட்டு நின்றது. முகவரி எங்கும் கண்ணுக்குத் தென்படவில்லை. சுட்டிக்குள் மறைந்திருந்த முகவரியை ஒருவாறு எடுத்துத் தம் கணக்கிலிருந்து எழுதினார். அப்படியோர் அஞ்சல்பெட்டியே இல்லையென்று மடல் திரும்பி வந்தது. அந்தத் தவறான ஆண்டு பின்னர் இரண்டு ஆய்வேடுகளில் சான்றாக ஏறியிருந்ததை நாமே கண்டோம்.

ஒரு சுட்டி சரியாக எழுதப்படாமையால் ஒரு பிழை நிலைபெற்றுவிட்டது. மின்னஞ்சல் சுட்டி என்பது நிரலாளரின் சிறு வேலை என்றே இலக்கியவாணர் பலரும் கருதுகிறோம். உண்மையில் அது, எழுதியவர் தம் எழுத்துக்குப் பொறுப்பேற்று வாசகருக்குத் திறந்துவைக்கும் வாசல். அவ்வாசல் எவ்வாறு திறந்தது, எதனால் பாதி சாத்தப்பட்டது என்பதை அறிந்தால், அதை எப்படி எழுதவேண்டும் என்பதும் தானே விளங்கும்.

கதை 1971-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் நிரலை எழுதினார். அவ்விரு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தவை. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. யாருடைய பெயரிலும் வாராத குறியாக அது இருக்கவேண்டும். விசைப்பலகையில் இருந்த @ என்னும் குறியை அவர் தேர்ந்தார். அதுவரை வணிகர் கணக்கேடுகளில் ‘ஒன்று இன்ன விலை வீதம்’ என்று குறிக்கவே பெரிதும் பயன்பட்டது அது. அன்றுமுதல் ‘இன்னார், இன்ன இடத்தில்’ என்று ஓர் ஆளைக் குறிக்கலாயிற்று. முகவரி பிறந்துவிட்டது, ஆனால் அதைத் தொட்டவுடன் மடல் எழுதும் தாள் விரிவதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கவேண்டியிருந்தது.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, தொண்ணூறுகளில் தாம் எழுதிய நடைக் கையேட்டில் பக்கம் எழுதுவோருக்கு ஓர் அறிவுரை தந்தார்: எழுதியதன்கீழ் உம் பெயரை இடுக. ஒரு செய்தி பழுதுபட்டால் அதைச் சரிசெய்யக்கூடியவர் யாரென்று வாசகருக்குத் தெரியவேண்டும் என்பதே காரணம். வலைப்பக்க மொழியில் இதற்கெனவே ‘முகவரி’ என்று பொருள்படும் தனிக்குறி வகுக்கப்பட்டது. ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதி முடித்தவர் தம் பெயரையும் நாளையும் பொறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்ளும் மரபை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. சுவடி எழுதியவரிடம் வாசகர் பிழையைத் திருப்பிச் சொல்ல வழியில்லை. வலை அந்த வழியைத் திறந்தது.

1994 டிசம்பரில் பெர்னர்ஸ்-லீ, லாரி மாசின்டர், மார்க் மக்காஹில் ஆகிய மூவரும் வெளியிட்ட வலைமுகவரி வரையறையில் ‘மெயில்டூ’ என்னும் முறை இடம்பெற்றது. அச்சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் இட்டு மின்னஞ்சல் முகவரியை எழுதினால் போதும்; சுட்டி ஆயத்தம். பிற சுட்டிகளில் பல ஒரு பக்கத்தையோ கோப்பையோ கொண்டுவந்து தருபவை. இச்சுட்டி அவ்வாறு எடுத்துத்தரும் பொருள் எதையும் குறிப்பதில்லை என்று அந்த வரையறையே குறிப்பிடுகிறது. அது குறிப்பது மடல் சேரவேண்டிய இடத்தை மட்டுமே.

1998 ஜூலையில் பால் ஹாஃப்மன், மாசின்டர், ஜேமி ஜவின்ஸ்கி ஆகியோர் இம்முறையை விரித்தனர். மடலின் பொருள்வரி, நகல் பெறுவோர், உள்ளடக்கம் ஆகியவற்றையும் சுட்டியிலேயே எழுதிவைக்கலாம் என்றாயிற்று. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தனர்: என்ன அனுப்பப்படுகிறது என்பதை முழுதும் காட்டாமல் எந்த மென்பொருளும் பயனர் பெயரால் மடல் அனுப்பலாகாது.

வாசல் திறந்த அதே காலத்திலேயே வேண்டாத விருந்தினரும் வந்துசேர்ந்தனர். 1978 மே மாதத்தில் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர் அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு விளம்பர மடல் அனுப்பியதே முதல் எரிதம் எனச் சொல்லப்படுகிறது. 1994 ஏப்ரலில் அரிசோனா வழக்கறிஞர் இருவர் யூஸ்நெட் குழுக்கள் ஆயிரக்கணக்கானவற்றில் குடியேற்ற அட்டை விளம்பரத்தை இட்டுப் பெரும் சினத்துக்கு ஆளாயினர். அதன்பின் வலைப்பக்கங்களை இரவுபகலாக மேய்ந்து @ குறியுள்ள சொற்களையெல்லாம் திரட்டும் நிரல்கள் பெருகின. வாஷிங்டனிலுள்ள ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம் 2003 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, வலைப்பக்கத்தில் வெளிப்படையாக இட்ட முகவரிகளுக்கே எரிதம் மிகுதியாக வந்ததையும், உருமாற்றி எழுதியவை தப்பியதையும் காட்டியது.

அக்காலத்து வாசகர்கள் நினைவுகூர்வர்: குறியை ‘அட்’ என்றும் புள்ளியை ‘டாட்’ என்றும் சொல்லாக எழுதினோம், முகவரியைப் படமாக்கி ஒட்டினோம். நிரல்கள் ஏமாந்தன. கூடவே, திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகரும் வெளியே நிறுத்தப்பட்டார். படத்திலுள்ள எழுத்தை அவருடைய மென்பொருள் படித்துக்காட்டவில்லை.

பிறகு முகவரிக்கு மாற்றாகப் படிவங்கள் வந்தன. பெயர், மின்னஞ்சல், கருத்து என்னும் மூன்று கட்டங்கள். கீழே ஓர் அனுப்பும் பொத்தான். நிறுவனத்துக்கு இது வசதி. எழுதியவருக்கோ பல தளங்களில் தாம் எழுதியதன் படிகூட மிஞ்சுவதில்லை. யாருக்குப் போயிற்று என்பதும் தெரிவதில்லை. மடலில் இரு தரப்பிடமும் சான்று இருக்கும். பிழை சுட்டுவோருக்கு அந்தச் சான்று முக்கியம். தாம் சொன்னதும், சொன்ன நாளும், பதில் வாராமையும் அதில் பதிவாகிவிடும்.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 1996 ஜூலை 4-இல் ஹாட்மெயில் தொடங்கியபின், உலாவிக்குள்ளேயே மடல் படிக்கும் வழக்கம் பரவியது. சுட்டியோ கணினியில் நிறுவப்பட்ட அஞ்சல் மென்பொருளையே தேடியது. நம் மாணவியின் முன் விரிந்த வெற்றுச் சாளரத்துக்கு இதுவே காரணம். பிற்கால உலாவிகளில் வலையஞ்சலை இதற்கென அமைத்துக்கொள்ள வழியுண்டு. ஆயினும் நூலகத்திலும் கல்லூரியிலும் பொதுக்கணினி முன் அமர்பவர் அதைச் செய்திருப்பார் என்று எதிர்பார்க்கலாகாது.

தமிழில் எழுதுவோருக்கு மேலும் ஒரு செய்தி உண்டு. சுட்டியின் பொருள்வரியில் இடைவெளியை அப்படியே விடலாகாது. %20 என்று எழுதவேண்டும். ஆங்கிலமல்லாத எழுத்துகளை எவ்வாறு எழுதுவது என்பதை 2010 அக்டோபரில் வந்த புதிய வரையறைதான் ஒருங்குறி முறையில் தெளிவாக்கியது. தமிழின் ஒவ்வொரு ஒருங்குறிக் குறியீடும் அங்கே மூன்று பைட்டுகளாகி, ஒன்பது வடிவங்களாக விரியும். ‘பிழை திருத்தம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு ஏழு எழுத்தும் ஓர் இடைவெளியும். ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் பதின்மூன்று குறியீடுகள். சுட்டியிலோ இடைவெளியையும் சேர்த்து 120 வடிவங்கள். எனவே பொருள்வரி சுருக்கமாக இருத்தல் நன்று. மடலின் உள்ளடக்கத்தையும் நாமே எழுதி நிரப்பிவைப்பது வேண்டாத வேலை, சொல்லவேண்டியது வாசகருடையது.

‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதலாகாது என வலைக் கூட்டமைப்பு 2001-இலேயே அறிவுறுத்தியது. 2008 டிசம்பரில் வெளியான அணுக்க நெறிமுறைகள், சுட்டியின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ சூழலிலிருந்தோ விளங்கவேண்டும் என்று விதித்தன. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் பக்கத்திலுள்ள சுட்டிகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. அப்பட்டியலில் ‘இங்கே’ என்று ஐந்து முறை கேட்டால் எந்த ‘இங்கே’ என்று அவர் அறிவார்?

ஆகவே நல்ல சுட்டி எது? முகவரியே சொடுக்கும் சொல்லாகக் கண்முன் நிற்கவேண்டும். மென்பொருள் திறக்காவிட்டாலும் படியெடுத்துக்கொள்ளலாம், தாளிலும் குறித்துக்கொள்ளலாம். அதனருகே, அதைப் படிப்பவர் யார், எதற்காக எழுதலாம் என ஒருவரி இருக்கவேண்டும்: ‘பட்டியலில் பிழை கண்டால் பதிப்பாசிரியருக்கு எழுதுக’ என்பதுபோல. எரிதத்துக்கு அஞ்சி முகவரியை ஒளித்தல் இன்று அவ்வளவு தேவையில்லை. அஞ்சல் வழங்கிகளின் வடிகட்டிகள் 2003-ஐவிடப் பெரிதும் தேறிவிட்டன. அச்சமிருப்பின் தம் சொந்த முகவரிக்கு மாறாகப் பணிக்கென ஒரு முகவரியை வைத்துக்கொள்ளலாம். தகவல், உதவி, தளப் பொறுப்பாளர் என்றவாறு பணிப்பெயர்களால் அஞ்சல்பெட்டிகள் அமைக்க 1997 மே மாதத்திலேயே ஒரு பரிந்துரை வந்துள்ளது. ஆள் மாறினாலும் பெட்டி மாறாது என்பது அதன் பயன்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்றுண்டு. அப்பெட்டியை ஒருவர் திறந்து படிக்கவேண்டும். அதை எந்த வரையறையாலும் செய்துதர இயலாது. நம் மாணவி இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியர். அந்தப் பட்டியலில் தவறான ஆண்டு இன்றும் அப்படியே இருக்கிறது. சென்ற மாதமும் பார்த்தோம். திரும்பி வந்த மடலை அவர் இன்னும் அழிக்கவில்லை. முகவரி கிடைத்தால் மறுபடி அனுப்புவேன் என்கிறார்.