நேர்பாடு: திண்ணனாரின் கால், தண்டியடிகளின் கயிறு, சுந்தரரின் கோல்

கண்ணப்பர் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடிப்பர். முதற்கண்ணை இடந்து அப்பியதற்கும் மறுகண்ணில் அம்பை வைத்ததற்கும் இடைப்பட்ட சில நொடிகள் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த நொடிகளில் திண்ணனார் ஒரு கண் மட்டுமே உள்ள வேடர். அடுத்த செயலோடு அந்தக் கண்ணும் போய்விடும் என்பதை அறிந்தவர். ஆகவே செயல் பிழைபடாதிருக்க ஓர் ஏற்பாடு செய்கிறார்: குருதி பெருகும் திருக்கண்ணின்மேல் தம் காலை ஊன்றிக்கொள்கிறார். பார்வை போன பின்னும் கை சென்று சேர வேண்டிய இடத்தைக் கால் காட்டும்.

சமயச் சொற்பொழிவுகளில் இந்தக் கால் அன்பின் எல்லைமீறலாகவே விளக்கப்படுகிறது. இறைவன் திருமேனியில் கால் வைப்பது குற்றம். அன்பு மிகுதியால் அது குற்றமாகவில்லை என்பது வழக்கமான விளக்கம். அது பிழையன்று. ஆயினும் சேக்கிழார் தரும் காரணம் அதைவிட எளியது, அதைவிடக் கூர்மையானது. திண்ணனாருக்கு அங்கே தேவைப்பட்டது ஓர் அடையாளம். அதைப் பார்வையால் வைக்க முடியாது என்பதால் தொடுகையால் வைத்தார்.

கதை நிகழிடம் திருக்காளத்தி. பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள இத்தலம் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோயிலை ஒட்டிய குன்று இன்றும் கண்ணப்பர் பெயராலேயே வழங்குகிறது. கதைக்கோ இரு மொழிகளில் நீண்ட மரபு உண்டு. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை கண்ணப்பர் பெயரைச் சொல்கிறது. பதினொன்றாம் திருமுறையில் நக்கீரர் பெயராலும் கல்லாடர் பெயராலும் அவர்மேல் தனித்தனி 'மறம்' பாடல்கள் உள்ளன. விரிவான கதை 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்துப் பெரியபுராணத்தில் கிடைக்கிறது. தெலுங்கில் பால்குரிகி சோமநாதரின் பசவபுராணமும், பின்னர் தூர்ஜடியின் காளஹஸ்தி மாகாத்மியமும் இதே வேடரைப் பாடின. இவை நடந்ததை நடந்தவாறு பதிந்த ஆவணங்கள் அல்ல. ஆனால் பார்வை, கருவி, கைத்தொழில் ஆகியவற்றைப் பற்றி அக்காலப் புலவர்கள் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அவை நேர்ச்சான்றுகள்.

சேக்கிழாரின் திண்ணனார் முதலில் ஒரு தொழிலறிஞர். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்தவர். அவர் வில் பயிலத் தொடங்கும் நாள் ஊர்விழாவாக வருணிக்கப்படுகிறது. தந்தைக்குப் பின் தலைமை ஏற்று, தேவராட்டியின் வாழ்த்துப் பெற்றுக் கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறார். வலையைக் கிழித்து ஓடும் பன்றியை நாணன், காடன் இருவரும் உடன்வர நெடுந்தூரம் துரத்தி வீழ்த்துகிறார். வலை, நாய், வில், உடைவாள் ஆகிய ஒவ்வொன்றும் எப்போது பயன்படும், எப்போது கைவிடும் என்பதை அறிந்த கை அது.

அந்தத் தொழிலறிவு குடுமித்தேவர் முன்னிலையிலும் அவரை விட்டு அகலவில்லை. ஒரு கையில் வில், மறு கையில் இறைச்சி வைத்த கல்லை. நீர் முகக்கக் கையில்லாததால் வாய் கலமாகிறது. பூக்கொய்து கொண்டுவரத் தலைமயிர் கூடையாகிறது. பழைய பூவை விலக்கச் செருப்பணிந்த கால் கையாகிறது. ஆறாம் நாள் ஊன்றப்படும் கால் திடீரென்று தோன்றிய கால் அன்று. உடம்பின் ஓர் உறுப்பு இயலாதபோது இன்னொன்றை அதன் இடத்தில் நிறுத்தும் பழக்கம் முன்னரே கதையில் ஊன்றப்பட்டுவிட்டது. சிவகோசரியாருக்கு அனுசிதமாகத் தோன்றியது, வேடரின் உடம்புக்கு இயல்பான தீர்வு.

திருக்கண்ணில் குருதி கண்டபின் அவர் செய்பவற்றின் வரிசையும் கருதத்தக்கது. முதலில் அம்பு தொடுத்துக்கொண்டு, தீங்கிழைத்தவர் யாரென்று மலைச்சாரலில் தேடுகிறார். எவரும் இல்லை. அடுத்துப் பச்சிலை கொணர்ந்து பிழிகிறார். குருதி நிற்கவில்லை. அதன் பின்னரே, ஊனுக்கு ஊனே மருந்து என்ற கேள்வியறிவு நினைவுக்கு வருகிறது. கண்ணை இடந்து அப்புகிறார், குருதி நிற்கிறது. மற்றைக் கண்ணில் குருதி பெருகும்போது அவர் கலங்கவில்லை. மருந்து கைகண்டது, எஞ்சிய சிக்கல் ஒன்றே. தம் கண்ணை இடந்த பின், அதை அப்பும் இடம் எது என்று எவ்வாறு அறிவது?

இந்த இடத்தில் சேக்கிழார் ஆளும் சொல் 'நேர்பாடு'. நேர் என்னும் அடியோடு 'பாடு' சேர்ந்த இச்சொல், ஒன்றற்கொன்று நேராக அமைவதைக் குறிக்கிறது. வில்லாளியின் தொழில் முழுவதும் இச்சொல்லில் அடங்கும். கண், அம்பின் முனை, இலக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதே குறி. திண்ணனார் அந்த மூன்றில் கண்ணை நீக்கிவிட்டு, கால், கை, இலக்கு என்று கோட்டைத் திருத்தி வரைகிறார். வேட்டைக்காரரின் அறிவு அழியவில்லை. அதன் ஆதாரப்புள்ளி மட்டும் இடம் மாறுகிறது.

ஒரு கண் பார்வையை இழந்த வேட்டைக்காரர்களுக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட கருவி மாற்றங்களும் இதே சிக்கலையே தீர்க்க முயன்றன. வலத்தோளில் துப்பாக்கியை ஊன்றிப் பழகியவர் வலக்கண்ணை இழந்தால், குழலின் கோடு பார்வையற்ற கண்ணின் முன்னேயே நிற்கும். அவருக்கு மூன்று வழிகள் உண்டு. துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்றி, கை, கால், விரல் எல்லாவற்றையும் மீண்டும் பழக்கலாம். குறிபார்க்கும் உறுப்பைக் குழலின் பக்கவாட்டில் நகர்த்திப் பொருத்தலாம். அல்லது தோளில் ஊன்றும் மரக்கட்டையையே வளைத்து, கட்டை வலத்தோளில் இருக்கக் குழல் இடக்கண்ணுக்கு நேரே வரும்படி செய்யலாம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் துப்பாக்கிக் கொல்லர்கள் இத்தகைய வளைந்த கட்டைகளைச் செய்தனர். மூன்றிலும் கண்ணைத் திருத்த எவரும் முயலவில்லை, கோடே திருத்தப்பட்டது.

ஒரு கண் இழப்பால் உண்மையில் எது போகிறது என்பதையும் பிரித்தறிய வேண்டும். அசையாத இலக்கைக் குறிபார்க்க ஒரு கண்ணே போதும். இரு கண் உள்ளவரும் பலசமயம் ஒன்றை மூடிக்கொள்கிறார். இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. இரு கண்களின் காட்சி வேறுபாட்டிலிருந்து மூளை கணிக்கும் அண்மை ஆழம் போய்விடுகிறது. இழந்த கண்ணின் பக்கவாட்டுக் காட்சி குறைகிறது. கைக்கெட்டும் தொலைவில் நுட்பமாக ஒன்றைப் பொருத்துவதே அப்போது கடினம். திண்ணனார் செய்ய வேண்டியிருந்ததும் அத்தகைய செயலே.

இதற்கு அண்மைக்காலச் சான்று மன்சூர் அலி கான் பட்டோடி. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவரது வலக்கண் பார்வை பெரிதும் பறிபோனது. ஆறு மாதங்களில், 1962 ஜனவரியில், சென்னையில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 103 ஓட்டங்கள் எடுத்தார். தொப்பியை வலக்கண்மேல் இழுத்துவிட்டு ஆடும் முறையை அவர் கைக்கொண்டார். பழுதுற்ற கண் தரும் குழப்பமான காட்சியை மறைத்து, நல்ல கண்ணின் கோட்டை மட்டும் எஞ்சவைத்தது அந்தத் தொப்பி. பார்வைக் குறைபாடு உடையோருக்கான இன்றைய துப்பாக்கி சுடும் போட்டிகளோ இன்னும் ஒரு படி சென்று, குறி இலக்கை நெருங்குவதை ஒலி மாற்றத்தால் உணர்த்துகின்றன. கால் செய்ததைச் செவி செய்கிறது.

பெரியபுராணத்துக்குள்ளேயே இந்த ஏற்பாட்டுக்கு இரு துணைகள் உண்டு. திருவாரூர்த் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். குளத்தை அகழத் துணிந்தபோது இருமருங்கும் தறி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமக்கிறார். அவரை எதிர்க்கும் சமணர்கள் அந்தத் தறியையும் கயிற்றையும் பறிப்பதாகக் கதை செல்கிறது. சமயப்பூசலின் சார்பு இதில் வெளிப்படை. ஆயினும் பார்வையற்றவரை ஒடுக்க வேண்டுமெனில் முதலில் அவரது கருவியைப் பறிக்க வேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். சுந்தரரோ ஒற்றியூரில் சங்கிலியார்க்குச் சொன்ன சூள் பிழைத்து இரு கண்ணும் இழக்கிறார்; திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெறுகிறார்; காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று பார்வை திரும்புகிறது. அதாவது காஞ்சி முதல் ஆரூர் வரை அவர் நடந்தது ஒற்றைக்கண் பார்வையோடு.

ஒருவர் பார்வையை ஈகிறார், ஒருவர் பார்வையின்றிப் பிறக்கிறார், ஒருவர் தண்டனையாக இழக்கிறார். நாம் இம்மூவரையும் தியாகம், வினை, தண்டனை என்ற மூன்று தலைப்புகளில் அடுக்கப் பழகிவிட்டோம். அவ்வாறு அடுக்கும்போது கால், கயிறு, கோல் ஆகிய மூன்றும் கைநழுவுகின்றன. மாற்றுத்திறன் பற்றிய தமிழ் ஆய்வுகள் இலக்கியத்தில் உருவகங்களை மட்டும் தேடினால், கருவிகளின் வரலாறு எழுதப்படாமலே போகும். காளத்தி வேடரின் அறிவு அன்பாக மட்டும் போற்றப்படும்போது அது அறிவாக மதிக்கப்படாமல் போவது இரண்டாவது இழப்பு. வேட்டைத்தொழிலைக் கல்லாமையாகக் கண்ட பார்வைக்கும் இதில் பங்குண்டு.

இது பழங்கதை மட்டுமன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஒதுக்கீடு பெற 40 விழுக்காட்டுக் குறைபாடு வேண்டும். 2018இல் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், ஒரு கண் முற்றிலும் பார்வையிழந்து மறுகண் நலமாக உள்ளவர்க்கு 30 விழுக்காடே அளித்தன. ஒதுக்கீட்டுக்கு அவர் போதிய அளவு பார்வையற்றவர் அல்லர். முழுப் பார்வை கோரும் பணிகளுக்கோ போதிய அளவு பார்வையுள்ளவர் அல்லர். அளவுகோல் கண்ணை அளக்கிறது. செய்ய வேண்டிய வேலையையும் கையிலுள்ள கருவியையும், இரண்டுக்கும் இடையில் அவர் தாமே அமைத்துக்கொள்ளும் நேர்பாட்டையும் அது அளப்பதில்லை.

தாராசுரத்து நாயன்மார் வரிசை முதல் இன்றைய நாட்காட்டிப் படங்கள் வரை, கண்ணப்பர் சித்திரிப்புகளைத் தொகுத்துக் காலைமட்டும் கவனித்து ஒப்பிடும் ஆய்வு ஒன்று தேவை. அந்தக் கால் எங்கே ஊன்றப்பட்டிருக்கிறது, எங்கே நாணத்தால் விலக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலே, இந்த அறிவைக் கலைமரபு எந்த அளவுக்கு நினைவில் வைத்திருந்தது என்பதைச் சொல்லிவிடும்.