ஓடாத வீடியோக்களின் வரலாறு

போன மாசம் தேய்பிறை அஷ்டமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா அதியமான்கோட்டை. தருமபுரியில இருந்து சேலம் போற ரோட்டுல இருக்கு. அஷ்டமி அன்னைக்கு காலபைரவர் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல நம்ம வீட்டுக்கு நாமளே வழி கேட்டுத்தான் போகணும் :-)

கூட்டம் கொஞ்சம் குறைஞ்ச பிறகு அக்கா ஒரு மஞ்சப்பையோட வந்து உட்கார்ந்தாங்க. உள்ள ரெண்டு விசிடி, பழைய போன்ல இருந்த ஒரு மெமரி கார்டு, ஒரு பென் டிரைவ்.

"தம்பி, இதுல எதுவும் சரியா ஓடமாட்டேங்குது. நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, பாரு."

விசிடி ரெண்டும் 2003ல நடந்த அக்கா கல்யாணம். மெமரி கார்டுல 2007ல எடுத்த மருமகன் காதுகுத்து. பென் டிரைவ்ல அவன் இந்த வருஷம் தன் போன்ல எடுத்த வீடியோ. அப்பா 2006ல போயிட்டாரு. அப்ப மருமகனுக்கு ஒரு வயசு. அப்பா குரல் பதிவாகி இருக்கிற ஒரே இடம் அந்தக் கல்யாண விசிடியோட ரெண்டாவது தட்டு. மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு ரெண்டே நிமிஷம் பேசினாரு. சரியா அந்த இடத்துலதான் படம் உறைஞ்சு நிக்குது.

"தாத்தா குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது மாமா"ன்னு மருமகன் சாதாரணமாத்தான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கல.

மூணையும் சரி பண்ண உட்கார்ந்தப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. இந்த மூணும் மூணு காலத்து வியாதி. வீட்டுக் கம்ப்யூட்டர்ல வீடியோ வந்த கதையே அந்த மஞ்சப்பைக்குள்ள இருக்கு.

பெட்டி, பாஷை, ஓட்டை

ஒரு வீடியோ ஓடலைன்னா பெரும்பாலும் காரணம் மூணுல ஒண்ணுதான். பெட்டியைத் திறக்கத் தெரியல. இல்லைன்னா உள்ள இருக்கிற பாஷை புரியல. அதுவும் இல்லைன்னா பெட்டியே ஓட்டை.

ஏவிஐ, எம்பி4, 3ஜிபி, எம்கேவி இதெல்லாம் பெட்டி. உள்ள படம் ஒரு பாஷையில இருக்கும், சத்தம் இன்னொரு பாஷையில இருக்கும். அந்த பாஷையில எழுதவும் படிக்கவும் தெரிஞ்ச நிரல்தான் கோடெக். பைல் பேருக்குப் பின்னால இருக்கிற மூணு எழுத்தைப் பார்த்தா பெட்டி என்னன்னுதான் தெரியும். உள்ள பேசுற பாஷை தெரியாது.

நம்ம ஆளுங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். திஸ்கி, டாப், டாம்னு ஆளாளுக்கு ஒரு குறியாக்கம் வச்சிருந்த காலம் ஞாபகம் இருக்கா? பைல் முழுசா வந்திருக்கும், ஒரு எழுத்து கூட தொலைஞ்சிருக்காது. ஆனா சரியான எழுத்துரு இல்லாம திறந்தா வெறும் கிறுக்கல். ஓடாத வீடியோவுல முக்கால்வாசி அந்த ஜாதிதான். தொலையல. படிக்கத் தெரியல, அவ்வளவுதான்.

முதல் தட்டு: 2003

1988ல லியோனார்டோ கியாரிக்லியோனேங்கிற இத்தாலிக்காரரும் ஹிரோஷி யசுதாங்கிற ஜப்பான்காரரும் சேர்ந்து எம்பெக்னு ஒரு குழுவை ஆரம்பிச்சாங்க. பாட்டு கேட்கிற சிடியில படத்தையும் அடைக்கணும், இதுதான் அவங்க முன்னால இருந்த கணக்கு.

கணக்கு லேசுப்பட்டது இல்லைங்க. நம்ம ஊரு விசிடியில ஒரு படச்சட்டம் 352க்கு 288 புள்ளி. வினாடிக்கு 25 சட்டம். சுருக்காம வச்சா வினாடிக்கு சுமார் 3 கோடி பிட் வேணும். விசிடியில படத்துக்குக் கிடைக்கிறது வினாடிக்கு வெறும் 11.5 லட்சம் பிட். அதாவது 26 மூட்டை நெல்லை ஒரு மூட்டையில அடைக்கணும்.

எப்படி அடைச்சாங்க? மணவறையில ஐயர் உட்கார்ந்தே இருக்காரு, பின்னால வாழைமரம் அப்படியே நிக்குது. அதை வினாடிக்கு 25 தடவை எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதணும்? அப்பப்ப ஒரு முழுப் படம். நடுவுல எல்லாம் முன்னதுக்கும் இதுக்கும் என்ன மாறுச்சுங்கிற குறிப்பு மட்டும். இந்த யோசனையாலதான் 74 நிமிஷப் படம் ஒரு தட்டுல ஏறுச்சு. எம்பெக்-1 தரம் 1993ல வெளியாச்சு. அதே வருஷம் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நாலு பேரும் சேர்ந்து விசிடிக்கு விதி எழுதினாங்க.

அப்ப வீட்டுல இருந்த கம்ப்யூட்டருக்கு இந்தச் சுருக்கத்தை விரிக்கிற தெம்பு கிடையாது. அதுக்குன்னே தனியா எம்பெக் அட்டை வாங்கி உள்ள சொருகணும். பென்டியம் வேகம் எடுத்த பிறகுதான் வெறும் மென்பொருளாலயே விசிடி பார்க்க முடிஞ்சுது. மேற்கு நாடுகள்ல விசிடி பெருசா எடுபடல. ஆசியாவுல தாறுமாறா ஓடுச்சு. நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு கேசட் குடுத்துட்டு இருந்த வீடியோக்காரங்களும் விசிடிக்கு மாறினாங்க.

முதல் தட்டைப் போட்டேன். 2003ல எடுத்த படம், எந்த வம்பும் இல்லாம விஎல்சியில ஓடுச்சு. எப்படின்னு பின்னால சொல்றேன்.

மெமரி கார்டு: 2007

காதுகுத்து வீடியோ 3ஜிபி. 176க்கு 144 புள்ளி, தீப்பெட்டி சைஸ் படம். கம்ப்யூட்டர்ல கூடவே இருந்த பிளேயர்ல படம் வருது, சத்தம் வரல. அந்தக் காலத்து போன்கள் சத்தத்தை ஏஎம்ஆர்ங்கிற பாஷையில பதிஞ்சுது. அது போன் பேச்சுக்குன்னு செஞ்ச பாஷை. பெட்டி திறந்துச்சு, பட பாஷை புரிஞ்சுது, சத்த பாஷை புரியல. அவ்வளவுதான் சங்கதி.

இந்தக் குழப்பத்துக்கு வயசு அதிகம். மைக்ரோசாப்ட் 1992ல ஏவிஐ பெட்டியைக் கொண்டு வந்தப்ப, உள்ள எந்த பாஷை வேணும்னாலும் வச்சுக்கலாம், நாலெழுத்துல ஒரு அடையாளம் மட்டும் எழுதிடுங்கன்னு விட்டுட்டாங்க. சினிபாக், இண்டியோன்னு வரிசையா பாஷைங்க வந்துச்சு. 1999 வாக்குல ஜெரோம் ரோட்டாங்கிற பிரெஞ்சுக்காரர் மைக்ரோசாப்ட்டோட எம்பெக்-4 கோடெக்கை உடைச்சு ஏவிஐ பெட்டியில புகுத்தினாரு. அதுதான் டிவ்எக்ஸ். அமெரிக்காவுல காசுக்கு வட்டு வாடகைக்கு விட்டுத் தோத்துப்போன ஒரு திட்டத்தோட பேரை, நக்கலா பக்கத்துல ஒரு சிரிப்புக் குறி போட்டு வச்சாரு. பிறகு டிவ்எக்ஸ் கம்பெனி ஆச்சு. போட்டிக்கு வந்த திறமூலக் கோடெக், அந்தப் பேரையே திருப்பிப் போட்டு எக்ஸ்விட்னு வச்சுக்கிச்சு.

அந்த வருஷங்கள்ல நாம பட்ட பாடு இருக்கே! படம் ஓடலைன்னா ஜிஸ்பாட்ல போட்டு உள்ள என்ன பாஷைன்னு ஜோசியம் பார்க்கிறது. அப்புறம் கோடெக் மூட்டை ஒண்ணை இறக்கிப் போடுறது. அது ஏற்கனவே ஓடிட்டிருந்த நாலு படத்தைக் கெடுத்துடும். அதைச் சரி பண்ண இன்னொரு மூட்டை. கடைசியில விண்டோஸையே புதுசா போடுறது.

இதுக்கு விடிவு ரெண்டு இடத்துல இருந்து வந்துச்சு. பாரிஸ்ல எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள், செயற்கைக்கோள் டிவியைக் கல்லூரி நெட்வொர்க்ல பார்க்கணும்னு 1996ல ஒரு வேலையை ஆரம்பிச்சாங்க. அதை 2001ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அந்த ஆரஞ்சுக் கூம்புதான் விஎல்சி. இன்னொண்ணு, 2000ல பாப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்ச எப்எப்எம்பெக். கண்ணுல படுற பாஷையை எல்லாம் கத்துக்கிட்ட மொழிபெயர்ப்பாளர்னு வச்சுக்கங்க. விஎல்சிக்குள்ள வேலை செய்றதும் பெரும்பாலும் அதோட நூலகம்தான். வெளியில இருந்து எந்த மூட்டையும் வேண்டாம்.

காதுகுத்தை விஎல்சியில போட்டேன். மருமகன் அழுகை வீடு முழுக்கக் கேட்டுச்சு. "நானா இது?"ன்னு அவன் வெட்கப்பட்டான் :-)

பென் டிரைவ்: இந்த வருஷம்

இது புது போன்ல எடுத்தது. வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல சத்தம் வருது, திரை கறுப்பு. இதுல பாஷை ஹெச்இவிசி. 2013ல வந்தது. முந்தின ஹெச்.264ல பாதி இடம் போதும்னு சொல்லித்தான் செஞ்சாங்க. 2017ல ஐபோன்கள் இதுக்கு மாறுச்சு. மத்த போன்கள்லயும் அமைப்புகள்ல இடம் மிச்சப்படுத்தற வசதின்னு இது இருக்கும். காப்புரிமைக் கட்டணம் கேட்க ஒண்ணுக்கு மேற்பட்ட கூட்டம் நிக்குது. அதனால எல்லா கம்ப்யூட்டர்லயும் இது கூடவே வர்றது இல்லை.

விஎல்சியில படம் தெரிஞ்சுது, ஆனா திக்கித் திக்கி ஓடுச்சு. பழைய சிப்புக்கு இதை விரிக்கிற தெம்பு இல்லை. 1993 எம்பெக் அட்டை கதை அப்படியே திரும்புது பாருங்க! ஹேண்ட்பிரேக்ல போட்டு ஹெச்.264க்கு மாத்தினேன், முடிஞ்சுது.

இடையில ஒரு அதியமான்

நம்ம ஊரு பேருக்குச் சொந்தக்காரரோட கதையும் இதேதான். அசோகர் கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட சதியபுத்திரர்னு ஒரு பேரு வருது. கல்லு அங்கேயேதான் இருந்துச்சு, பிராமி எழுத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லாம போயிடுச்சு. 1837ல ஜேம்ஸ் பிரின்செப் படிச்சாரு. அப்பவும் சதியபுத்திரர் யாருன்னு சண்டை தீரல. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில கிடைச்ச தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி பேரோட அந்தப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்லுச்சு. கல்லு நல்லா இருந்ததால பிழைச்சுது. பாஷை எப்ப வேணும்னாலும் கத்துக்கலாம். கல்லே உடைஞ்சிருந்தா?

ரெண்டாவது தட்டு

அந்த உடைஞ்ச கல்லுதான் அப்பா பேசுன தட்டு. இங்க பாஷைப் பிரச்சினை இல்லை, ஓட்டை.

சாதாரண சிடியில ஒவ்வொரு துண்டுலயும் 2048 பைட் சரக்கு. மீதி இடத்துல பெரும்பகுதி, கீறல் விழுந்தா கணக்குப் போட்டு மீட்கிறதுக்கான பிழைதிருத்தம். விசிடிக்காரங்க 74 நிமிஷம் ஏத்தணும்னு அந்த மேல்திருத்தத்தை எடுத்துட்டு, துண்டுக்கு 2324 பைட் படத்தை அடைச்சாங்க. படத்துல ஒரு புள்ளி போனா என்ன குடிமுழுகிப் போச்சுன்னு நினைச்சாங்க. அதனாலதான் அதே கீறல் விழுந்தா, டேட்டா சிடி பிழைக்கிற இடத்துல விசிடி தடுக்குது. ஒரு முழுப் படத்துல ஓட்டை விழுந்தா, அடுத்த முழுப் படம் வர்ற வரைக்கும் எல்லாம் கட்டம் கட்டமா உடையும்.

புதுசா வாங்கின யூஎஸ்பி டிரைவ் அந்த இடத்துல கையை விரிச்சிடுச்சு. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறதை நிறுத்தினேன். மெல்லிய பருத்தித் துணியால, நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேர்கோட்டுல துடைச்சேன். வட்டமா துடைச்சா தடத்தோட சேர்ந்தே கீறல் விழும், அது இன்னும் மோசம். அப்புறம் பரண் மேல இருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, தூசி தட்டி, அதோட சிடி ரைட்டர்ல போட்டேன். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும், இது அனுபவம். வேகத்தைக் குறைச்சு வச்சேன். ஐசோபஸ்டர்ல அந்த டேட் பைலை, படிக்க முடியாத துண்டைத் தாண்டி மீதியை எடுன்னு சொல்லிட்டு உட்கார்ந்தேன். மூணு மணி நேரம். டிரைவ் கரகரன்னு கத்துது, அம்மா ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

ராத்திரி பத்து மணிக்கு ஓட்டினோம். பட்டு வேட்டியில அப்பா. கையில மைக்கைப் பிடிக்கத் தெரியாம பிடிச்சிருக்காரு. முகம் பாதி கட்டம் கட்டமா உடையுது, சேருது. குரல் சுத்தமா வருது. ஒரு இடத்துல மட்டும், "வந்தவங்க எல்லாரும்..."னு சொல்லி நாலஞ்சு வினாடி ஒண்ணுமே இல்லை. அந்தத் துண்டு போயே போச்சு.

அம்மா திரையில இருந்து கண்ணை எடுக்காம சொன்னாங்க: "வந்தவங்க எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொன்னாரு."

யாரும் பேசல. மருமகன்தான் இன்னொரு தடவை போடச் சொன்னான்.

இப்ப அது மூணு இடத்துல இருக்கு. ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு அக்கா வீட்டுல. மூல டேட் பைலை அப்படியே வச்சிருக்கேன், போன்ல பார்க்க ஹெச்.264ல ஒரு நகல். மூலத்தை அழிச்சிடாதீங்க. மாத்துறப்ப எல்லாம் கொஞ்சம் தரம் போகும். நாளைக்கு இதை விட நல்லா மீட்கிற வழி வரலாம்.

உங்க வீட்டு பீரோவுலயும் துணி மடிப்புக்குள்ள இப்படி ரெண்டு தட்டு இருக்கும். எரிச்ச சிடிக்கு வெயிலும் சூடும் ஆகாது, சாயம் வெளுத்துடும். பளபளன்னு இருக்கிற அடிப்பக்கத்தை விட எழுத்து இருக்கிற மேல்பக்கம்தான் நோஞ்சான், பதிவு அதுக்குச் சரியா கீழதான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு டிரைவை இரவல் வாங்கியாவது நகல் எடுத்துடுங்க. புரியாத பாஷைக்கு எப்பவாவது ஆள் கிடைப்பாங்க. போன துண்டை நிரப்ப, பக்கத்துல இருந்து கேட்டவங்க எப்பவும் இருக்க மாட்டாங்க.