மூன்று மீட்டர் வழி

பாதை யாருக்குச் சொந்தம்? நிலத்துக்குப் பட்டா உண்டு. வீட்டுக்குப் பத்திரம் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைக்குப் பெரும்பாலும் எந்தத் தாளும் இருப்பதில்லை. ஒருவர் முள்வேலி போட்டுவிட்டால், அது ஒரே நாளில் இல்லாமல் போய்விடும். இந்தக் கேள்விக்கு ஒரு நாட்டு மக்கள் எப்படி விடை கண்டார்கள் என்பதை, ஒரு கடற்கரைப் பாதையின் வரலாற்றிலிருந்து இன்று நாம் சிந்திப்போம்.

பிரான்சு நாட்டின் வரைபடத்தைப் பார்த்தால், மேற்கே அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலப்பகுதி தெரியும். அதன் பெயர் பிரிட்டனி. இங்கிலாந்து இருக்கும் பிரிட்டன் வேறு, இந்தப் பிரிட்டனி வேறு. உழவரும் மீனவரும் வாழ்ந்துவரும் நாட்டுப்புறம் இது. இதன் கரையோரமாக ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. வடக்கே மோன்-சேன்-மிஷேல் தீவின் அருகே தொடங்கி, தெற்கே லுவார் ஆறு கடலில் கலக்கும் சேன்-நசேர் பக்கம் வரை போகிறது. ப்ளூமனாக் என்னும் ஊரருகே இளஞ்சிவப்பு நிறப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். மேற்கு முனையில் செங்குத்தான பாறைகளின் அடியில் அலைகள் மோதும். மேட்டு நிலமெங்கும் முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். இன்று விடுமுறைக்கு வருபவர்கள் மகிழ்ச்சியோடு நடக்கும் பாதை இது. ஆனால் இது மகிழ்ச்சிக்காகப் போடப்பட்ட பாதை அல்ல. மனிதரைப் பிடிப்பதற்காகப் போடப்பட்ட பாதை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டனியின் தெற்குக் கரையில் லொரியான் என்னும் துறைமுகம் இருக்கிறது. கிழக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கப்பல் கட்டும் தளம் அமைத்தது. பிற்காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் நம் நெசவாளரின் பருத்தித் துணிகளை அங்கே கொண்டுபோய் இறக்கின. ஆனால் பிரான்சு அரசு உள்நாட்டு நெசவைக் காப்பதற்காக, வண்ணம் தீட்டிய, அச்சிட்ட பருத்தித் துணிகளுக்கு 1686இல் தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. தடை வந்தால் கள்ளக்கடத்தலும் வரும் அல்லவா? துணியும் புகையிலையும் களவாகக் கரையேறின. கரையைக் காவல் காக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791இல், வரி வசூலை ஏலம் எடுத்த பழைய அமைப்பு கலைக்கப்பட்டு அரசின் சுங்கத்துறை உருவானது. சுங்கக் காவலர்கள் கரையோரமாக இரவும் பகலும் நடந்து காவல் காத்தார்கள். 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயப் பொருள்கள் எதுவும் நுழையக் கூடாது என்று ஆணையிட்டபோது காவல் இன்னும் இறுகியது. பாறை முனைகளில் கல்லால் கட்டிய சிறு காவல் குடில்கள் எழுந்தன. சுருட்டிக் கட்டித் தோளில் சுமந்துபோகும் ஒரு படுக்கையை விரித்து, குளிரிலும் மழையிலும் அவர்கள் பாறை மறைவில் பதுங்கிக் கிடப்பார்கள். உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கும் பொருளை ஊரார் அள்ளிக்கொண்டு போகாமல் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். அந்தக் கால்கள் தேய்த்த தடம்தான் 'சுங்கக் காவலர் பாதை' என்று இன்றுவரை அழைக்கப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் காவல் முறை மாறியது. காவலர்கள் நடப்பதை நிறுத்தினார்கள். நடப்பார் இல்லாத பாதையை முட்புதர் மூடியது. அதே காலத்தில் கடற்காட்சியை விரும்பிய வசதி படைத்தோர் கரையோரம் வீடு கட்டினார்கள். தோட்டத்தின் எல்லை பாறை விளிம்பு வரை நீண்டது. வேலியும் மதிலும் வந்தன. காவலருக்கு ஒதுங்கி வழிவிட்ட நிலம், ஊர்க்காரனுக்கு வழிவிட மறுத்தது.

நடைப்பயண ஆர்வலர்கள்தான் முதலில் விழித்துக்கொண்டார்கள். 1947இல் பிரான்சில் நெடுந்தூர நடைபாதைகளுக்காக ஒரு குழு தொடங்கப்பட்டது. மரத்திலும் கல்லிலும் வெள்ளைக்கோட்டின் கீழ் சிவப்புக்கோடு தீட்டி வழி காட்டுவது அவர்கள் முறை. 1960களின் இறுதியில் பிரிட்டனியின் வடக்கே லானியோன் பகுதியில் புதர் வெட்டி, பழைய தடத்தைத் தேடிக் கண்டு, கோடு தீட்டினார்கள். 'ஜி.ஆர். 34' என்று பாதைக்கு எண் கிடைத்தது. ஆனாலும் வேலி வந்த இடத்தில் கோடு நின்றுபோனது.

சட்டம் என்ன சொன்னது? பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1681ஆம் ஆண்டுக் கடல்சார் ஆணை, மார்ச் மாதப் பெரிய ஓதம் எட்டும் இடம் வரை எல்லாம் கடற்கரையே என்று வகுத்திருந்தது. அதை எவரும் வளைத்துக் கட்ட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஓதம் ஏறும்போது அந்தக் கரை தண்ணீருக்குள் போய்விடும். நடப்பவன் எங்கே கால் வைப்பான்? மேலே உள்ள நிலத்தில்தான். அதுவோ தனியாருடையது.

1976 டிசம்பர் 31 அன்று வந்த சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. கடற்கரையை ஒட்டிய தனியார் நிலத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்கு, நடந்து செல்பவர்களுக்கு வழி விட வேண்டும் என்றது அது. நிலத்தை அரசு பறிக்கவில்லை. நிலம் உரிமையாளருடையதே. அதன் ஓரத்தில் நடக்கும் உரிமை மட்டும் எல்லாருடையதும் ஆனது. 1976க்கு முன் கட்டிய குடியிருப்புகளிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் பொதுவாக வழி கேட்கக் கூடாது என்ற விலக்கும் அதில் இருந்தது. குடும்பத்தின் அமைதிக்கும் மதிப்பு, வழிப்போக்கரின் காலுக்கும் மதிப்பு. 1986இல் வந்த கடற்கரைச் சட்டம், சாலையிலிருந்து கடலுக்கு இறங்கவும் வழி கேட்க இடம் கொடுத்தது. எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. பாதை துண்டு துண்டாகத்தான் ஒன்று சேர்ந்தது.

ஆனால் இந்த எண்ணம் பிரிட்டனி மக்களுக்குப் புதியதா? இல்லை. லொக்ரோனான் என்ற ஊரில் புனித ரோனானின் நினைவாக ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், 'பெரிய த்ரோமேனி' என்னும் திருப்பவனி நடைபெறுகிறது. பழைய துறவு மடத்து நிலத்தின் எல்லையைச் சுற்றி 12 கிலோமீட்டர் தூரம் மக்கள் கொடிகளோடு நடக்கிறார்கள். மற்ற நாள்களில் பாதையே இல்லாத வயல்கள் வழியாகவும் அந்தப் பவனி போகிறது. அந்த நாள்களுக்காக உழவர் தம் நிலத்தில் வழி திறந்துவிடுகிறார். வயலின் ஓரக்கதிரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியர் நூலின் கட்டளை நம் நினைவுக்கு வருகிறது. எனது என்று சொல்லும் நிலத்திலும் பிறருக்கு ஓர் ஓரம் உண்டு. சட்டம் 1976இல் எழுதியதை, பக்தி அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்து காட்டியிருந்தது.

உரிமை எழுதப்பட்டால் மட்டும் போதுமா? கடலை விட்டுச் சற்று உள்ளே போவோம். பிரிட்டனியின் உள்நாட்டில், இருபுறமும் மரங்கள் வளர்ந்த மண்கரைகளுக்கு நடுவே தாழ்ந்து செல்லும் வண்டிப்பாதைகள் ஏராளமாக இருந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிதறிக் கிடந்த நிலங்களை ஒன்று சேர்த்துப் பெரிய வயல்களாக்கியபோது, அந்தக் கரைகளை இயந்திரங்கள் தரைமட்டம் ஆக்கின; பல பாதைகளும் அவற்றோடு மறைந்தன. மிஞ்சிய நாட்டுப்புறப் பாதைகள் ஊர் நிர்வாகத்துக்குச் சொந்தம். ஆனால் பொதுமக்கள் பயன்படுத்துவது நின்றுபோனால், அந்தப் பாதையை விற்றுவிடவும் பிரெஞ்சுச் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது, நடப்பதுதான் அங்கே பத்திரம். காலடிதான் கையெழுத்து.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மேற்கு முனையிலுள்ள ராஸ் முனையில், கப்பல் உடைந்தோரின் அன்னை மரியாவுக்கு 1904இல் எழுப்பிய சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. அங்கே கூட்டம் பெருகியபோது கடைகளும் விடுதியும் வாகனங்களும் முனையின் பக்கம் வரை வந்துவிட்டன. மிதிபட்டு மிதிபட்டுப் புல்பூண்டு அழிந்து வெறும் பாறை தெரிந்தது. 1990களில் அந்தக் கட்டடங்களை இடித்து, கடைகளையும் வாகன நிறுத்தத்தையும் உள்ளே தள்ளி அமைத்து, குறித்த தடத்தில் மட்டும் நடக்கும்படி செய்தார்கள். மெல்ல மெல்லப் பசுமை திரும்பியது. கால் படாத பாதையும் அழிகிறது. அளவில்லாமல் கால் பட்ட நிலமும் அழிகிறது.

அன்பு நேயர்களே, கள்ளக்கடத்தல்காரனைத் துரத்திய தடம் இன்று குழந்தையும் முதியவரும் நடக்கும் வழியாகியிருக்கிறது. ஒரு வழக்கம் அதைத் தாங்கியது. ஒரு சட்டம் அதைக் காத்தது. கால்கள் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாதை இல்லை. நமது வேலிக்கு வெளியே பிறருக்கென நாம் விட்டிருக்கும் ஓரம் எவ்வளவு? ஊருக்குப் பொதுவான வழி ஒன்று அடைபடும்போது, நமக்கென்ன என்று சுற்றிப் போகிறோமா, நின்று கேட்கிறோமா? இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு பாதையில் ஒருமுறையேனும் நடந்து பார்ப்போம். நாம் நடந்தால்தான் நமக்குப் பின் வருபவர்களுக்கும் அது இருக்கும்.