இயல்பழுத்த மூளைநீர்க்கோவையும் மயக்க மருந்துகளும்

மூளையின் அறைகளில் நீர் தேங்கி அவை வீங்கியிருக்கும். ஆனால் முதுகில் ஊசி போட்டு அளந்தால் அழுத்தம் இயல்பாகவே இருக்கும். இதுவே இயல்பழுத்த மூளைநீர்க்கோவை. மருத்துவமனைகளில் ‘என்.பி.எச்.’ என்பார்கள். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, மறதி, சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். கொலம்பியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீம் இதை இனங்கண்டார். 1965-இல் ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் சேர்ந்து உலகுக்கு விளக்கினார்.

தேங்கிய நீரை வயிற்றுக்கு வடிக்கும் ‘ஷன்ட்’ குழாயைப் பொருத்துவதே முக்கியச் சிகிச்சை. தலையிலிருந்து கழுத்து, மார்பு வழியே தோலுக்கடியில் குழாயைச் செலுத்தும் கட்டம்தான் வலி மிகுந்தது. அப்போது மயக்கத்தை ஆழமாக்க வேண்டியிருக்கும்.

மயக்க மருந்துகளில், ஊசிவழி தரும் புரோபபால் மூளையின் ரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜன் தேவையையும் சேர்த்தே குறைக்கும். செவோபுளூரேன் போன்ற வாயு மருந்துகள் அளவு கூடினால் ரத்தக் குழாய்களை விரிக்கும். கார்பன் டை ஆக்சைடு 1 மி.மீ. பாதரச அளவு ஏறினாலே மூளை ரத்த ஓட்டம் சுமார் 3 முதல் 4% கூடிவிடும்; அதனால் தலைக்குள் அழுத்தமும் ஏறலாம். பென்டனில் போன்ற வலிநிவாரணிகள் மூச்சை மந்தமாக்கி இந்த வாயுவைத் தேக்கும் என்பதால், மூச்சைத் தானே இழுக்கும் நோயாளிக்கு அவற்றை அளந்தே தர வேண்டும்.

ஆனாலும் என்.பி.எச். நோயாளியிடம் தலைக்குள் அழுத்தம் எகிறுமோ என்ற கவலை மூளைக் கட்டியில் இருக்கும் அளவுக்கு இல்லை. மருந்து விட்டுச்செல்லும் சுவடுதான் பெரிய சிக்கல்.

பதற்றம் தணிக்கத் தரும் மிடசோலம் முதியவருக்குக் குழப்பத்தையும் நடைத் தடுமாற்றத்தையும் தரும். இதயத் துடிப்பு தளர்ந்தால் தரும் மருந்துகளில் அட்ரோபின் மூளைக்குள் நுழைந்து நினைவைக் கலைக்கும்; கிளைகோபைரோலேட் அவ்வளவாக நுழையாது. இரண்டுமே சிறுநீர்ப்பையின் இயக்கத்தை மந்தமாக்கும். அதாவது, நோயின் மூன்று அடையாளங்கள் இருக்கும் இடங்களிலேயே மருந்தும் கைவைக்கிறது. அறுவைக்கு மறுநாள் நோயாளி தடுமாறினால், அது ஷன்ட் வேலை செய்யாததாலா, மருந்து தெளியாததாலா என்று உடனே சொல்வது கடினம்.

வாயு மருந்தின் தேவையும் 40 வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் 6% குறைகிறது. அதனால் சீக்கிரம் தெளியும் மருந்துகளைக் குறைந்த அளவில், மயக்க ஆழத்தைக் கருவியில் பார்த்தபடி கொடுப்பது வழக்கம்.

ஷன்ட் உள்ளவருக்குப் பின்னாளில் லேப்ராஸ்கோப்பி எனும் துளைவழி அறுவை செய்தால், வயிற்றில் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தம் நீர் வடிவதைத் தடுக்கலாம். அந்த வாயு ரத்தத்தில் கலந்து அங்கும் தன் அளவை உயர்த்தும். எனவே மயக்கவியல் மருத்துவர் மூச்சுக் கருவியை அதற்கேற்பக் கூட்டிவைப்பார்.